கேட்டிருந்தால் தந்திருக்கும்

2022 ஏப்ரல் மாதத்து இரவொன்றில், எங்களில் ஒருத்தி தன் அம்மம்மாவின் குரலைப் போனிலிருந்து எங்கட சேர்வருக்கு மாற்றினாள். மூன்று கோப்புகள். எல்லாமாக ஒரு மணித்தியாலமும் சொச்சமும். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் வெறுமையான இரவைப் பற்றி அம்மம்மா முதல் தடவையாக இருந்து ஆறுதலாகக் கதைத்தது அதில்தான் இருந்தது. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நகர ஏலாமல் நின்ற சனம், சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன தையல் மிசினின் தலை, சேற்றுக்குள் விட்டுவிட்டு வந்த ஒற்றைச் செருப்பு. போனில் இடமில்லை. கோப்புகள் மாறிவிட்டன எண்டு திரை சொன்னதும் அவள் போனில் இருந்ததை அழித்தாள். அரை நிமிசம்கூடச் சென்றிருக்காது, அந்தக் கோப்புகளை வாங்கிய இயந்திரம் செத்துப்போனது. திரும்ப எழுப்பிப் பார்த்தபோது மூன்று பெயர்களும் இருந்தன, திகதி இருந்தது. அளவு மட்டும் பூச்சியம்.

அந்த இரவு என்ன நடந்தது எண்டு எங்களுக்கே விளங்கக் கிழமைக் கணக்காயிற்று. விளங்கியதை இங்கே எழுதி வைக்கிறோம். கணினிக் கதை கொஞ்சம் வரும். உயர்தரத்தில் ஐசிரி எடுத்த ஆக்களுக்குப் பாதி தெரிந்ததாக இருக்கலாம். எடுக்காத ஆக்களும் பயப்பிடாமல் வாசிக்கலாம், எங்களிலும் ரெண்டு பேரைத் தவிர மற்றவர்கள் எடுக்காதவர்கள்தான்.

முதலில் எங்கட சேர்வரைச் சொல்லவேணும். சேர்வர் எண்டு பெருமைக்குச் சொல்கிறோம். கொழும்பில் ஒரு கந்தோர் கழித்து விட்ட பழைய கணினி அது, 16 ஜிபி நினைவகம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வாசிகசாலையின் பின்னறையில், பழைய பேப்பர்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதற்குள் லினக்ஸ் போட்டு, கேவிஎம் மூலம் மெய்நிகர் இயந்திரங்கள் ஏழு செய்தோம். ஒரு கணினிக்குள்ளே ஏழு கணினிகள், ஒவ்வொன்றும் தான் தனிக் கணினி எண்டு நினைத்துக்கொண்டு ஓடும். வெளியே இருப்பதைத் தாய்க்கணினி எண்டும் உள்ளே இருப்பவற்றைக் குட்டிகள் எண்டும் நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

ஐந்து குட்டிகள் மாணவர்களுக்கு: பனை, வேம்பு, பூவரசு, முருங்கை, இலுப்பை. பின்னேரம் வாற பிள்ளையள் பழைய திரைகளில் இருந்து இவற்றுக்குள் நுழைந்து லினக்சும் பைதனும் பழகுவினம். ஆறாவது எங்கட பரிசோதனைக் குட்டி, அதற்குள் எதையும் உடைக்கலாம். ஏழாவது பெட்டகம். பழைய சஞ்சிகைகளின் ஸ்கான் பக்கங்கள், ஊர்ப் பெரியாக்களின் குரல் பதிவுகள், அவற்றின் அட்டவணை எல்லாம் அதற்குள். மாணவர் குட்டிகளுக்கு ஆளுக்கு 2 ஜிபி, பரிசோதனைக்கு 4, பெட்டகத்துக்கு 6.

கூட்டிப் பாருங்கோ. 20 வரும். கையில் இருந்தது 16.

இது களவில்லை, கணக்குப் பிழையும் இல்லை. எல்லாரும் இப்பிடித்தான் செய்கிறார்கள். 2007இல் லினக்ஸ் கேர்னலுக்குள் கேவிஎம் வந்ததில் இருந்து, ஒரு மெய்நிகர் இயந்திரம் எண்டது தாய்க்கணினிக்கு இன்னொரு சாதாரண செயன்முறை மட்டும்தான். கியூஎமு எண்ட ஒரு புரோகிராம், அவ்வளவுதான். அது "எனக்கு 6 ஜிபி வேணும்" எண்டு கேட்கும்போது கேர்னல் "ஓம்" எண்டு சொல்லும், ஆனால் உடனே ஒன்றும் எடுத்துக் கொடுக்காது. 4 கிலோபைட் அளவான பக்கங்களாக நினைவகம் வெட்டப்பட்டிருக்கிறது. குட்டி ஒரு பக்கத்தை முதன்முதலில் தொடும்போதுதான் உண்மையான பக்கமொன்று அதன் கைக்குப் போகும். எங்கட ஊரில் கலியாண வீட்டுக்கு 400 பேருக்குச் சொன்னால் 300 பேருக்குத்தானே சமைக்கிறது. அதே நம்பிக்கை. எல்லாரும் ஒரே பந்தியில் வந்து இருக்கமாட்டினம் எண்ட நம்பிக்கை.

நாலைந்து மாதம் அது சரியாகத்தான் ஓடினது. பிறகு 2022 வந்தது.

மார்ச் கடைசி நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த நாட்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், விவரிக்கத் தேவையில்லை. எங்களுக்கு அதனால் நடந்தது என்னவென்றால், எல்லாரும் ஒரே பந்தியில் வரத் தொடங்கினார்கள். முந்தி நாள் முழுக்கப் பரந்து கிடந்த வேலை எல்லாம் கரண்ட் இருக்கிற மூன்று நாலு மணித்தியாலத்துக்குள் நெரிபட்டது. கரண்ட் வந்தவுடன் பெட்டகம் எழும்பும், எழும்பித் தன்னிடம் இருக்கிற ஸ்கான் பக்கங்களை ஒருக்கா முழுக்க வாசித்துத் தேடல் அட்டவணையைக் கட்டும். ஐந்து மாணவர் குட்டிகளும் சேர்ந்து எழும்பும். அன்றைக்கு எங்களில் ஒருவன் பரிசோதனைக் குட்டிக்குள் ஏதோ ஒரு மென்பொருளைக் கொம்பைல் பண்ணவும் தொடங்கினான். கரண்ட் நிக்கிறதுக்குள்ள முடிக்கவேணும் எண்ட அவசரம்.

தாய்க்கணினியில் பக்கங்கள் முடிந்தன. சுவாப்பையும் நாங்களே நிறுத்தி வைத்திருந்தோம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஊர்ந்து ஊர்ந்து எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்குது எண்டு. நினைவகம் உண்மையாகவே தீர்ந்துவிட்டால் லினக்ஸ் கேர்னலுக்கு ஒரு கடைசி வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற செயன்முறைகளில் ஒன்றைத் தெரிந்து கொல்லும். அந்தப் பகுதிக்குப் பேரே ஓஓஎம் கில்லர்தான். தெரிகிற விதி மிகவும் எளியது: ஆர் கூட நினைவகம் பிடித்து வைத்திருக்கிறானோ, பெரும்பாலும் அவன். அடுத்த நாள் கேர்னல் பதிவைத் திறந்து பார்த்தோம். நினைவகம் தீர்ந்தது, இந்த இலக்கச் செயன்முறை கொல்லப்பட்டது எண்டு ஒற்றை வரி. இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் பெட்டகம்.

கோப்புகள் ஏன் பூச்சியமாயின எண்டதும் அப்போதுதான் விளங்கினது. நீங்கள் ஒரு கோப்பை மாற்றும்போது அது நேரே டிஸ்க்குக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் இருக்கும். வழமையான லினக்ஸ் அமைப்பில் முப்பது செக்கன் அளவு பழசானபின்தான் அதை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். பெட்டகம் கோப்பின் பெயரைத் தன் டிஸ்க்கில் எழுதிவிட்டது, குரலை இன்னும் எழுதவில்லை. அந்த இடைவெளிக்குள் அதைக் கொன்றாயிற்று. தாய்க்கணினி உயிரோடுதான் இருந்தது. குரல் பெட்டகத்தை விட்டு வெளியே ஒரு அடி, தாய்க்கணினியின் நினைவகத்துக்கு வந்து சேர்ந்திருந்தால்கூடத் தப்பியிருக்கும். போனில் மீட்கலாமா எண்டு ரெண்டு நாள் மினக்கெட்டோம். சரிவரேல்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது. கொம்பைல் பண்ணினவனில் பிழை, உடனே அழித்தவளில் பிழை, 20 ஜிபி எண்டு எழுதின ஆளில் பிழை. அண்ணை ஒருவர் இருக்கிறார், எங்களில் மூத்தவர், சேர்வர் வேலை தெரிந்தவர். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பெட்டகத்தைத் திரும்ப எழுப்பி, அது தன் அட்டவணையைக் கட்டி முடிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு உள்ளே என்ன இருக்கிறது எண்டு காட்டினார். தாய்க்கணினியின் கண்ணுக்குப் பெட்டகம் ஐந்தரை ஜிபிக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. பெட்டகத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தால், அதற்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு ஜிபி அளவுதான். மிச்சம் முழுக்க, ஒருக்கா வாசித்த ஸ்கான் பக்கங்களைத் திரும்பத் தேவைப்படலாம் எண்டு எடுத்து வைத்த பதுக்கு.

எங்கட பாடப்புத்தகத்தில் கேஷ் நினைவகத்துக்குப் பதுக்கு நினைவகம் எண்டுதான் பேர். அரிசியும் பால்மாவும் காஸும் பதுக்கப்பட்ட அந்த மாதங்களில் இந்தச் சொல் எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஆனால் லினக்ஸ் செய்வது கெட்ட பதுக்கல் இல்லை. சும்மா கிடக்கிற நினைவகம் வீண், ஆகவே அதில் டிஸ்க்கில் இருந்து வாசித்ததை வைத்திருக்கும். ஆரும் கேட்டால் அந்தக் கணமே கொட்டிவிட்டு இடத்தைக் கொடுக்கும். ஒரே கணினிக்குள் இது அழகாக நடக்கும். கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே கேர்னல்.

மெய்நிகர் இயந்திரத்தில் கேர்னல் ரெண்டு. பெட்டகத்தின் கேர்னலுக்கு எது பதுக்கு, எது உயிர் எண்டு தெரியும், ஆனால் வெளியே பஞ்சம் எண்டு தெரியாது. தாய்க்கணினியின் கேர்னலுக்குப் பஞ்சம் தெரியும், ஆனால் பெட்டகத்தின் பக்கங்களில் எது கொட்டக்கூடியது எண்டு தெரியாது. அதன் கண்ணுக்கு ஐந்தரை ஜிபியும் கியூஎமுவின் சொந்தச் சொத்து. ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர். கொட்டிவிடக்கூடிய நாலரை ஜிபிக்காகப் பெட்டகத்தைக் கொன்றார்கள். ஒருக்காக் கேட்டிருந்தால் தந்திருக்கும். கேட்கிறதுக்கு ஒரு வழியை நாங்கள் வைத்திருக்கேல்லை.

உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு செயன்முறைக்கும் ஓஓஎம் கில்லர் பார்க்கிற ஒரு எண் இருக்கிறது, அதை மறை ஆயிரத்தில் இருந்து நேர் ஆயிரம் வரை மாற்றலாம். குறையக் குறைய ஆபத்துக் குறைவு. பெட்டகத்துக்கு மறை எண்ணூறு கொடுத்தோம். நிம்மதி. அடுத்த கிழமை முருங்கை செத்தது. அதில் இருந்த பெடியன் ரெண்டு மணித்தியாலமாக எழுதின புரோகிராமைச் சேமிக்காமல் வைத்திருந்தான்.

"உங்கட பெட்டகத்துக்குக் காப்பு, எங்களுக்கு இல்லையோ அக்கா?" எண்டு கேட்டான்.

பதினாறு வயசு. பதில் சொல்லத் தெரியாமல் நிண்டோம். நாங்கள் பஞ்சத்தைத் தீர்க்கேல்லை, ஆர் சாகவேணும் எண்டதை மட்டும் மாற்றி எழுதியிருந்தோம்.

நினைவகம் வாங்கலாம்தானே எண்டு நீங்கள் கேட்கலாம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 350ஐத் தாண்டி நின்றது. இறக்குமதிப் பொருளுக்குக் கடைக்காரர் காலமை சொன்ன விலை பின்னேரம் இல்லை. எங்கட உண்டியலில் இருந்தது யூபிஎஸ் பற்றரிக்கே காணாது. இருக்கிற பதினாறைப் பங்கிடத்தான் வேணும்.

அப்போதுதான் அண்ணை பலூனைப் பற்றிச் சொன்னார். 2002இல் கார்ல் வால்ட்ஸ்பர்கர் எண்டவர் விஎம்வெயார் நிறுவனத்தின் சேர்வர் மென்பொருளில் நினைவகம் எப்படிக் கையாளப்படுகிறது எண்டு எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையில் விளக்கியிருந்த உத்தி இது. அதே உத்தி பிறகு லினக்ஸுக்கும் வந்தது. கேட்கும்போது முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

குட்டியின் கேர்னலுக்குள் ஒரு சின்ன டிரைவர் இருக்கும். தாய்க்கணினி "2 ஜிபி ஊதிப் பெருத்துக்கொள்" எண்டு அதற்குச் சொல்லும். டிரைவர் தன் கேர்னலிடம் போய், மற்ற எந்தப் புரோகிராமையும் போல, பக்கங்கள் கேட்கும். வாங்கின பக்கங்களை அது எதற்கும் பாவிக்காது, அவற்றின் இலக்கங்களை மட்டும் தாய்க்கணினிக்கு அனுப்பும். "இவை என் கையில் இருக்கிறது, ஆரும் தொடமாட்டினம், நீ எடு." தாய்க்கணினி அந்தப் பக்கங்களைத் திருப்பி எடுத்து வேறு குட்டிக்குக் கொடுக்கும். குட்டிக்குள் பலூன் பெருக்கப் பெருக்க மற்றவைக்கு இடம் நெருக்கும். நெருக்கினால் குட்டியின் கேர்னல் என்ன செய்யும்? தனக்குத் தேவை குறைந்ததை, அதாவது பதுக்கை, தானே கொட்டும். எதைக் கொட்டுவது எண்டு தாய்க்கணினி தெரியத் தேவையில்லை. தெரிந்தவனே தெரிவு செய்கிறான். சுவருக்கு நடுவே ஒரு துளை போட்டு, "ஒரு ரெண்டு ஜிபி தர ஏலுமோ?" எண்டு கேட்கிற மாதிரி.

வேர்ஷ் எண்ட கட்டளைக் கருவியில் ஒற்றை வரி அடித்துப் பெட்டகத்தை 3 ஜிபிக்கு இறக்கினோம். பயந்து பயந்து. நாலைந்து செக்கன். தாய்க்கணினியில் ரெண்டரை ஜிபி திரும்பி வந்தது. பெட்டகம் உணரக்கூட இல்லை, தேடல் முந்தின மாதிரியே ஓடியது. ஐந்து பேரும் மேசையைத் தட்டினோம். அந்த நாலு மாதத்தில் எங்களுக்குச் சும்மா கிடைத்த ஒரே பொருள் அந்த ரெண்டரை ஜிபிதான் எண்டு நினைக்கிறோம்.

உடனே பேராசை வந்தது. 3 காணும் எண்டால் 1 காணாதோ? இறக்கினோம். பதுக்கு முழுக்கப் போனது, அதற்குப் பிறகும் பலூன் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டகத்துக்கு உள்ளே இருக்கிற கேர்னலுக்கும் ஒரு ஓஓஎம் கில்லர் உண்டல்லவா? அது எழும்பி உள்ளே இருந்த தரவுத்தளத்தைக் கொன்றது. வெளியே நடந்த கொலையை உள்ளே நடத்திவிட்டோம். பலூனுக்கு ஒரு தெரிவு இருக்கிறது, குட்டி அந்த நிலைக்குப் போனால் தானாகச் சுருங்கி இடம் விடச் சொல்லலாம். அதைப் பிறகு போட்டோம். ஆனால் அது கடைசிக் காப்பு. ஒரு குட்டி எவ்வளவு குறைவில் உயிர் வாழும் எண்டதை நாங்கள்தான் அளந்து தெரிந்துகொள்ளவேணும். அதுவரை நாங்கள் ஒரு குட்டியையும் அளந்ததில்லை. 6, 4, 2 எல்லாம் பயத்தில் எழுதின எண்கள். குறையக் கொடுத்தால் பிறகு கேட்க ஏலாது எண்ட பயம்.

கையால் எத்தனை தரம் ஊதிச் சுருக்குவது? பைதனில் அறுபது வரியில் ஒரு காவலாளி எழுதினோம். பத்துச் செக்கனுக்கு ஒருக்கா ஒவ்வொரு குட்டியையும் விசாரிக்கும், தேவை குறைந்தவனிடம் எடுத்துத் தேவை கூடியவனுக்குக் கொடுக்கும். முதல் நாள் முழுக்க அது ஒன்றுமே செய்யேல்லை. ஏனெண்டால் குட்டிகள் சொன்ன எண்கள் மாறவே இல்லை. எத்தனை செக்கனுக்கு ஒருக்கா அறிக்கை தரவேணும் எண்டு பலூனுக்குத் தனியாகச் சொல்லவேணும், சொல்லாவிட்டால் பழைய கணக்கையே திரும்பத் திரும்ப ஒப்பிக்கும். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள்.

ரெண்டாம் நாள் காவலாளிக்கு விசர் பிடித்தது. எல்லாக் குட்டியும் பட்டினி எண்டு அலறினது. பிழை எங்களில். குட்டி அனுப்பும் அறிக்கையில் ரெண்டு எண் இருக்கிறது. ஒன்று, முழுக்கச் சும்மா கிடக்கும் நினைவகம். மற்றது, பதுக்கைக் கொட்டினால் கிடைக்கக்கூடியதையும் சேர்த்து மதிப்பிட்ட நினைவகம். நாங்கள் முதலாவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லினக்ஸில் முதலாவது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும், சும்மா கிடக்க விடாது எண்டு மேலே சொன்னோமே. பார்க்கவேண்டியது ரெண்டாவது. மெய்நிகர் இயந்திரமே இல்லாத உங்கட லப்டொப்பிலும் இதே பிழையை விட்டு, நினைவகம் முடிஞ்சுது எண்டு பயந்தவர்கள் இருப்பீர்கள்.

மூன்றாவது பிழை கொஞ்சம் நுணுக்கமானது. வேம்பு சும்மா இருக்குது எண்டு காவலாளி அதனிடம் எடுத்துப் பனைக்குக் கொடுக்கும். அந்த நிமிசம் வேம்பில் இருந்த பிள்ளை பிரவுசரைத் திறப்பாள். உடனே பனையிடம் பறித்து வேம்புக்கு. பிறகு மறுபடி. ரெண்டு பேரும் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். எடுக்கும்போது 64 மெகாபைட்டாக மெதுவாக, கொடுக்கும்போது 512ஆகக் கெதியாக எண்டு மாற்றினோம். அடங்கினது. இதிலே இன்னொன்றும் தெரிந்தது: பலூன் நெருப்பணைக்கிற படை இல்லை. குட்டி தன் வேலையில் திணறிக்கொண்டிருந்தால் ஊதச் சொன்னாலும் நேரம் எடுக்கும், பழுதான குட்டி கேட்கவே கேட்காது. ஆகவே பஞ்சம் வந்தபிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. தாய்க்கணினியில் ரெண்டு ஜிபி மிச்சம் இருக்கும்போதே காவலாளி கேட்கத் தொடங்கவேணும். நினைவகத்துக்காக எவ்வளவு நேரம் வேலைகள் காத்துக் கிடக்கின்றன எண்டு சொல்லும் ஒரு அளவு லினக்ஸ் 4.20 இல் இருந்து கேர்னலிலேயே இருக்கிறது. அதையும் பார்க்கப் பழக்கினோம்.

ஓவேர்ட், ப்ரொக்ஸ்மொக்ஸ் மாதிரியான இடங்களில் இப்படியான காவலாளிகள் முன்னமே இருக்கின்றன எண்டு பிறகுதான் கண்டோம். ப்ரொக்ஸ்மொக்ஸ் தாய்க்கணினியின் பாவனையை வழமையாக 80 வீதத்தில் வைத்திருக்கப் பார்க்கும். அண்ணைக்கு இது முதலே தெரியும். "சொன்னா நீங்கள் எழுதியிருக்கமாட்டியள்" எண்டார். கோபம்தான் வந்தது.

அந்த ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தது. மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. வரிசையில் நின்றபடி எங்களில் ஒருவன் சொன்னான், "இது பலூன் இல்லை மச்சான், இது நாங்கள் முதல் எழுதின 2, 4, 6." அம்மாவின் ஸ்கூட்டி முற்றத்தில் நிக்குது, அதற்கும் 4. ரியூசன் ரியூசனாக ஓடித் திரியிற வாத்தியாருக்கும் 4. ஆரிடம் மிச்சம் இருக்கிறது எண்டு கேட்கிற வழி அதிலும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேணும், அந்த முறை வந்தபிறகு வரிசை குறைந்தது. அதையும் எங்கட அமைப்புக்குள் எடுத்தோம். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அடிமட்டம், அதற்குக் கீழே காவலாளி கை வைக்காது. எல்லா அடிமட்டங்களையும் கூட்டினால் கையில் இருக்கிற நினைவகத்துக்குள் அடங்கவேணும். மாணவர் குட்டிக்கு 1 ஜிபி, பெட்டகத்துக்கு ஒன்றரை, பரிசோதனைக்கு 1. ஏழரை. அதற்கு மேலே உள்ளது மட்டும்தான் பலூனின் விளையாட்டு. மேல் வரம்புகளின் கூட்டுத்தொகை இப்பவும் 20தான். ஆனால் கட்டாயம் தருவம் எண்டு எல்லாருக்கும் சொன்ன வாக்கு ஏழரை. மறை எண்ணூறை எடுத்துவிட்டோம். முருங்கையின் பெடியனுக்கு அதைக் காட்டினோம்.

கேஎஸ்எம் எண்ட இன்னொரு உத்தியையும் போட்டுப் பார்த்தோம். 2009 முடிவில் கேர்னலுக்குள் வந்தது. ஐந்து மாணவர் குட்டிகளிலும் ஓடுவது ஒரே பணிசெயல் முறைமை, ஆகவே ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்கள் ஐந்து தரம் இருக்கும். கேஎஸ்எம் நினைவகத்தைத் துழாவி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, எல்லாருக்கும் அந்த ஒன்றையே காட்டும். ஒருவன் அதில் எழுதப் போனால் மட்டும் அவனுக்குத் தனிப் பிரதி. எங்களுக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே மிச்சமானது. விலை: சிபியு ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும், விசிறி இரையும், யூபிஎஸ்ஸில் ஓடும்போது அந்த இரைச்சல் ஒவ்வொன்றும் நிமிசக் கணக்கு. எழுத எழுதப் பிரிந்துபோகும் மிச்சம் எண்டபடியால் அதை நம்பி வாக்குக் கொடுக்கவும் ஏலாது. ஒருவரை ஒருவர் அறியாதவர்களின் குட்டிகள் ஒரே கணினியில் இருக்கிற இடங்களில் இதை நிறுத்தி வைப்பது நல்லது. இப்படிப் பக்கங்களை ஒன்றாக்குவதையே வழியாக வைத்து அடுத்த குட்டியைத் தாக்கலாம் எண்டு 2016இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கட அறையில் எல்லாரும் ஒரே வாங்கில் இருக்கிறவர்கள். கரண்ட் இருக்கும்போது போட்டு, யூபிஎஸ்ஸுக்கு மாறினதும் நிறுத்தினோம்.

குட்டிகளின் கேர்னலைப் புதுப்பித்தபின் இன்னொரு வசதியும் கிடைத்தது. 5.7 இல் இருந்து, குட்டி தனக்கு உண்மையிலேயே சும்மா கிடக்கிற பக்கங்களை ஆரும் கேட்காமலே தாய்க்கணினிக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். கொம்பைல் முடிந்த பரிசோதனைக் குட்டி இப்போது தானாகவே மெலிகிறது. ஆனால் பதுக்கு சும்மா கிடக்கிற கணக்கில் வராது. பெட்டகத்திடம் இப்பவும் கேட்கத்தான் வேணும்.

2023இல் வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் ரெண்டு 8 ஜிபித் துண்டுகள் கொண்டுவந்து தந்தார். 32 ஆனது. ஆறு மாதத்தில் பிள்ளையள் பத்துப் பேர் ஆனார்கள், புதுசாகப் புளி, மா, நாவல், கொன்றை, தென்னை எண்டு ஐந்து குட்டிகள். காவலாளி இன்னும் ஓடுகிறது. அறுபது வரி நூற்றி நாற்பது ஆகிவிட்டது.

அம்மம்மாவிடம் திரும்பவும் போனோம். அந்த வருசமே, ஓகஸ்டில். சைக்கிளில், எல்லாருமாக. பிளேன்ரீ தந்தா. "அதைத்தானே பிள்ளை அண்டைக்கே சொன்னனான்" எண்டா. கணினி செத்துப்போச்சு எண்டு எப்படி விளங்கப்படுத்துவது? "பிழைச்சுப்போச்சு அம்மம்மா, இன்னொருக்கா" எண்டோம். சொன்னா. பதினொரு நிமிசம். பாலத்தடி வந்தது, மழை வந்தது. தையல் மிசினின் தலையைப் பற்றி இந்த முறை ஒன்றும் சொல்லேல்லை. நாங்கள் ஞாபகப்படுத்திக் கேட்டதுக்கு, "ஓம், அதுவும் கொண்டு போனதுதான்" எண்டுவிட்டு வேலிப் பக்கம் ஆட்டைப் பார்க்கப் போயிட்டா.

அந்தப் பதினொரு நிமிசம் பெட்டகத்தில் இருக்கிறது. மாற்றினபிறகு, இருக்கிறதை எல்லாம் டிஸ்க்கில் எழுது எண்டு சொல்கிற கட்டளையை அவள் ரெண்டு தரம் அடித்தாள், ஒரு தரம் காணும் எண்டு அண்ணை சொல்லச் சொல்ல. போனில் இருக்கிற பிரதியை இன்னும் அழிக்கேல்லை. போனில் இடமில்லை எண்டு ஒவ்வொரு கிழமையும் புறுபுறுக்கிறாள்.